ஆற்றில் மூழ்கியது யார்?

வணக்கம்.

மறதியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். எனக்கு ஐந்து வயது இருக்கும்போது ஆற்றில் குளிக்கப் போய் மூழ்கப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர், காதுக்குள் இரைச்சல், என் முடியைப் பிடித்து இழுத்த அண்ணனின் கை, எல்லாம் இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. போன மாதம் பேச்சுவாக்கில் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மூழ்கியது அவராம். முடியைப் பிடித்து இழுத்தது பெரியப்பா மகனாம். நான் கரையில் நின்று அழுதுகொண்டிருந்தேனாம். இருவரும் அரைமணி நேரம் வாதாடினோம். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.

தண்ணீர் என்றால் எனக்கு இன்றும் பயம். அண்ணன்மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கும் அந்த நாள்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அந்த நாளே என்னுடையது இல்லை என்றால், 'நான்' என்று நான் வைத்திருப்பதில் மிச்சம் எவ்வளவு நிஜம்?

இன்னொன்று. நாற்பது வயதுக்குமேல் ஒரு பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கிறேன். நான்கு முறை படித்தாலும் தங்குவதில்லை. நினைவைப் பலப்படுத்த உண்மையிலேயே வழி இருக்கிறதா? பலப்படுத்திக்கொண்டால் இந்த மாதிரிக் குழப்பமாவது வராமல் இருக்குமா?

அன்புடன்,
க.
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள க.,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வழி இருக்கிறது. ஆனால் அது இந்தக் குழப்பத்தைத் தீர்க்காது. நினைவு பலமாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நீங்களும் அண்ணனும் அரைமணி நேரம் வாதாடியிருக்கிறீர்கள். 'இவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறதே, எப்படிப் பொய்யாகும்?' என்பதுதான் இரண்டு பேருடைய வாதமும்.

முதலில் ஒரு ஆறுதல். உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கூத்தல்ல இது. 2001-இல் நியூசிலாந்தில் இரட்டையர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரே சம்பவத்தை இருவருமே 'அது எனக்கு நடந்தது' என்று சொல்கிறார்களா என்று பார்த்தார்கள். பெரும்பாலான ஜோடிகளிடம் அப்படிப்பட்ட ஒரு சம்பவமாவது இருந்தது. இரட்டையரல்லாத சகோதர சகோதரிகளிடமும், நெருங்கிய நண்பர்களிடமும்கூட இது உண்டு, கொஞ்சம் குறைவாக. சேர்ந்து வளர்ந்தவர்கள் ஒரே கதையைப் பல வருடம் சேர்ந்து கேட்கிறார்கள், சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி யாருடையது என்ற விவரம் தேய்ந்துபோகிறது. காட்சி மட்டும் மெருகேறுகிறது.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நினைவை முதன்முதலாக அளந்து பார்த்தவர் என்று ஹெர்மன் எபிங்ஹாஸைச் சொல்வார்கள். ஜெர்மானியர். 1885-இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அவர் வைத்திருந்த ஒரே ஆள் அவரேதான். அர்த்தமில்லாத சுமார் 2,300 அசைகளை உருவாக்கி, அவற்றைக் கலைத்து வரிசை வரிசையாக எழுதி, நிமிடத்துக்கு 150 தட்டு என்ற தாளத்தில் ஒப்பித்து மனப்பாடம் செய்தார். அப்புறம் இடைவெளி விட்டு அதே வரிசையைத் திரும்பக் கற்றார். அவர் கேட்ட கேள்வியில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 'எத்தனை அசை ஞாபகம் இருக்கிறது?' என்று கேட்கவில்லை. 'மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது?' என்று கேட்டார். ஒன்றுமே நினைவில் இல்லை என்று தோன்றும் வரிசைகூட இரண்டாம் தடவை சீக்கிரம் வந்தது. இருபது நிமிடம் கழித்து 58 சதவீத நேரம் மிச்சமானது, ஒரு நாள் கழித்து சுமார் 34, ஒரு மாதம் கழித்து 21. மறதி முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று இறங்கி, அப்புறம் மெதுவாகிவிடுகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் அர்த்தமில்லாத அசைகளை வைத்து ஆறும் அண்ணனும் உள்ள ஞாபகத்தை அளக்க முடியுமா? முடியாது. அதற்கு வேறு வகைச் சோதனைகள் தேவைப்பட்டன. எனக்குப் பிடித்தது உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் செய்தது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே தன் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்தார். செய்தி எப்போது, எங்கே, யார் மூலம் தெரிந்தது என்று எழுதச் சொன்னார். இரண்டரை வருடம் கழித்து அதே கேள்விகளை அவர்களிடம் திரும்பக் கேட்டார். நிறைய பேர் வேறு இடம், வேறு ஆள், வேறு நேரம் சொன்னார்கள். சிலருடைய பதிலில் பழைய தாளோடு ஒத்துப்போகும் விவரம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கையால் எழுதிய தாளையே எடுத்துக் காட்டியபோதும் பழைய ஞாபகம் திரும்ப வரவில்லை. எழுத்து என்னுடையதுதான், ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது வேறு என்ற நிலையிலேயே நின்றார்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் இப்படி ஒரு தாள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் இப்படி? ஞாபகத்தை நாம் பழைய இடத்திலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதாக நினைக்கிறோம். எடுக்கும்போதே அது இளகிவிடுகிறது. 2000-இல் கரீம் நாதர் என்ற ஆய்வாளர் எலிகளில் இதைக் காட்டினார். ஒரு ஒலி கேட்டதும் மின்னதிர்ச்சி வரும் என்று எலிகளுக்குப் பழக்கினார். பிறகு அந்த ஒலியை ஒருமுறை கேட்கவைத்து, உடனே மூளையின் அமிக்டலா பகுதியில் புதுப் புரதம் உருவாகாமல் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார். பயம் போய்விட்டது. ஒலியைக் கேட்கவைக்காமல் மருந்தை மட்டும் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை, பயம் அப்படியே இருந்தது. அதாவது நினைத்துப் பார்த்த ஞாபகம் மறுபடி பதிய வேண்டியிருக்கிறது. எலியின் பயத்தையும் மனிதர் சொல்லும் கதையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது சரிதான். ஆனாலும் நீங்கள் அந்த ஆற்றை இத்தனை வருடத்தில் எத்தனை தடவை நினைத்திருப்பீர்கள், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நல்ல ஞாபகசக்தி இருந்தால் இதிலிருந்து தப்பலாமா? தேதி ஒன்றைச் சொன்னால் அன்று என்ன கிழமை, தான் என்ன செய்தேன் என்று உடனே சொல்லக்கூடிய மனிதர்கள் மிகச் சிலர் இருக்கிறார்கள். 2006-இல்தான் ஆய்வுலகம் இவர்களை விவரித்தது. 2013-இல் இவர்களுக்கும் பொய்ஞாபகச் சோதனைகளை வைத்துப் பார்த்தார்கள். மற்றவர்களைப் போலவே இவர்களும் ஏமாந்தார்கள். நடக்காத விவரம் இவர்கள் ஞாபகத்திலும் நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

உங்கள் தேர்வு விஷயத்துக்கு வருகிறேன், அது சுலபம். நான்கு முறை படிப்பதை நிறுத்துங்கள். 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் நான்கு தடவை படித்தவர்கள்தான் முன்னால், 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களிடம் 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியதும் அந்த நான்கு தடவை படித்த குழுதான். இங்கும் பாருங்கள், நம்பிக்கை ஒரு பக்கம், நிஜம் ஒரு பக்கம்.

ஆக, ஒரு தடவை கவனமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். நாளைக்கு ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை அதையே செய்யுங்கள். வராது, எரிச்சலாக இருக்கும், அப்போதுதான் வேலை நடக்கிறது. இரவு தூங்குங்கள். தூக்கத்தை வெட்டிப் படிப்பது வரவைச் செலவில் எழுதுவதுதான். பட்டியல்கள், சட்டப் பிரிவுகள் போன்றவற்றுக்கு இடத்தோடு பிணைத்து வைக்கும் பழைய உத்தி நன்றாக வேலை செய்யும்: நன்கு பழகிய ஒரு வீட்டில் மனதால் நடந்து, வாசலில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று என்று வைத்துக்கொண்டே போவது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் சாதாரண ஆட்கள் தினம் அரைமணி வீதம் 40 நாள் இதைப் பழகினார்கள். 72 சொற்களில் சுமார் 26 சொல்ல முடிந்தவர்கள் சுமார் 62-க்கு வந்தார்கள். நினைவாற்றல் மாத்திரை, மூளை விளையாட்டுச் செயலி எல்லாம் எனக்குச் சந்தேகம்தான். விளையாட்டில் தேறுவீர்கள், விளையாட்டில் மட்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் பெறச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) பின்பகுதி பெரிதாக இருப்பதை எலினார் மகுவயர் 2000-இல் காட்டியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. 2011-இல் பயிற்சி பெறுபவர்களை ஆரம்பம் முதல் பின்தொடர்ந்தார்கள். தேர்ச்சி பெற்றவர்களிடம் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. ஆனால் ஒரு சிக்கலான கோட்டுருவத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு நினைவிலிருந்து வரையும் சோதனையில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஒன்றில் வளர்த்தால் எல்லாவற்றிலும் வளரும் என்று எண்ண வேண்டாம்.

இனி நீங்கள் நிஜமாகக் கேட்ட கேள்வி. அந்த நாள் என்னுடையதில்லை என்றால் நான் யார்?

ஜான் லாக் என்ற தத்துவவாதி பதினேழாம் நூற்றாண்டிலேயே, எவ்வளவு தூரம் பின்னால் நினைவு எட்டுகிறதோ அவ்வளவு தூரம் நீ அதே ஆள் என்ற பொருளில் சொன்னார். 1785-இல் தாமஸ் ரீட் இதை ஒரு கதையால் கவிழ்த்தார். பழம் திருடி அடிவாங்கிய சிறுவன் வளர்ந்து ஒரு போரில் வீரச்செயல் செய்கிறான், முதுமையில் தளபதியாகிறான். போரில் இருந்தபோது அடிவாங்கியது நினைவிருந்தது. தளபதிக்குப் போர் நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. லாக் சொல்வதுபடி தளபதியும் அந்த வீரனும் ஒரே ஆள், வீரனும் சிறுவனும் ஒரே ஆள், தளபதியும் சிறுவனும் வேறு ஆட்கள். இது எங்கே நிற்கும்?

ரீட்டின் பக்கம் நிற்க எனக்கு இன்னும் வலுவான காரணம் நோயாளிகளிடமிருந்து கிடைத்தது. ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953-இல், 27 வயதில், வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸின் கணிசமான பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எதுவும் மனதில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்து அதன் கோடுகளை வரையச் சொன்னார். கை எதிர்ப்பக்கம் போகும், யாருக்கும் முதலில் வராது. மூன்று நாளில் மொலேசன் சுத்தமாக வரையக் கற்றுக்கொண்டார். மூன்றாம் நாளும், இதற்குமுன் இப்படி ஒன்று செய்ததே தெரியாது அவருக்கு. கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், நன்றாகவே வந்துவிட்டதே என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். கைக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. உங்கள் தண்ணீர்ப் பயமும் அந்த ரகமாக இருக்கலாம். கரையில் நின்று அண்ணன் மூழ்குவதைப் பார்த்த ஐந்து வயதுக் குழந்தைக்கு நீர் பயமாகிப்போக, தானே மூழ்க வேண்டும் என்ற அவசியமில்லை.

கே.சி. என்று ஆய்வுகளில் குறிப்பிடப்படும் இன்னொருவர் 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர். தன் வாழ்க்கைச் சம்பவம் ஒன்றைக்கூட அவரால் மனதில் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. விபத்துக்குப் பிறகு அவர் குணமும் மாறியிருந்தது. எண்டல் டல்விங் அவரிடம் ஒரு குணப் பட்டியலைக் கொடுத்து, இதில் எதெல்லாம் நீ என்று கேட்டார். தாயாரிடமும் தனியாகக் கேட்டார். இரண்டு பதில்களும் நன்றாகவே ஒத்துப்போயின. பழைய குணத்தை அல்ல, மாறிய குணத்தை அவர் சரியாகச் சொன்னார். மாற்றம் நடந்த ஒரு நாள்கூட ஞாபகம் இல்லாமல்!

2015-இல் வந்த ஓர் ஆய்வு நோயாளிகளின் குடும்பத்தாரைக் கேட்டது: இவர் இன்னும் அதே ஆள்தானா? ஞாபகம் போனதைவிட, கருணை, நேர்மை, மற்றவர்மேல் அக்கறை மாறிப்போனதுதான் 'இது அவர் இல்லை' என்று வீட்டாரைச் சொல்லவைத்தது. அண்ணன்மேல் உங்களுக்குள்ள பாசத்துக்கு அந்த நாள் காரணம் என்கிறீர்கள். நான் அதை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். பாசம் முன்பே இருந்திருக்கும். அதனால்தான் ஞாபகத்தில் இழுத்த கை அண்ணனுடையதாக ஆகியிருக்கும். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை, ஊகம்தான்.

அண்ணன் சொல்வதுதான் சரி என்றும் நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவர் ஞாபகமும் உங்களுடையதைப் போலவே பல தடவை சொல்லப்பட்டதுதான். இரண்டு பேரும் தவறாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

பெரியப்பா மகனிடம் கேட்பதாக இருந்தால், நீங்கள் இருவரும் சேர்ந்து போகாதீர்கள். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ் ஒரே கார் விபத்துக் காட்சியைக் காட்டிவிட்டு, கார்கள் 'மோதியபோது' என்று சிலரிடமும் 'மோதி நொறுங்கியபோது' என்று சிலரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டாவது குழுவில் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே 'மூழ்கியது நான்தானே?' என்று ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு ஆற்றில் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள், அவர் முடிக்கும்வரை இடையில் பேசாதீர்கள். அதற்கும் முன்னால், நீங்களும் அண்ணனும் தனித்தனியாக ஆளுக்கொரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அவர் மூன்றாவதாக ஒரு கதை சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.