பழகியது மூக்குதான்

அன்புள்ள ஐயா,
ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் என் ஒன்பது வயது மகன் இருமுகிறான். "நம்ம ஊர் உடம்புக்கு இதெல்லாம் பழகிப்போச்சு" என்கிறார் மாமியார். உள்ளே போகும் நச்சைக் கல்லீரல் முறித்துவிடாதா? தூதுவளை ரசம் போதுமா?
எஸ்., திருவொற்றியூர்

அன்புள்ள எஸ்.,

ரசம் கொடுங்கள், தொண்டைக்கு இதம். நுரையீரலைக் கழுவாது. அதை விடுங்கள். உங்கள் மாமியார் சொன்னதற்காகத்தான் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் என் பெரியப்பா லாரி மெக்கானிக். பீடியும் உண்டு. காலையில் காறித் துப்பினால் சளியில் கறுப்பாக இழை ஓடும். ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டு, "நமக்குப் பழகிடுச்சுடா" என்பார். நுரையீரல் புற்றில் போனார். அந்தப் பேச்சை யார் பேசினாலும் எனக்கு இன்றும் கோபம் வரும்.

பழகுவது மூக்கு. கொஞ்ச நேரத்தில் அதற்கு வாடை தெரியாது, அவ்வளவுதான். மூச்சுக்குழாய் அப்படியில்லை. கல்லீரல்வரை போவானேன், மூச்சுக்குழாயின் உள்படலத்திலேயே வேதிப்பொருளை மாற்றும் நொதிகள் இருக்கின்றன. புகையில் வரும் பென்சோபைரீன் என்ற நச்சு தண்ணீரில் கரையாது. அதைக் கரைத்து வெளியேற்றத்தான் சிஒய்பி1ஏ1 என்ற நொதி ஆக்சிஜனை ஏற்றுகிறது. இன்னொரு நொதி தண்ணீரைச் சேர்க்கிறது. மறுபடி முதல் வகை நொதி கைவைக்கும்போது, வந்ததைவிடக் கொடிய பொருள் ஒன்று பிறந்து டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறது. நச்சைப் பிடித்துக் கட்டும் குளூட்டாதயோன் என்ற உடம்பின் சொந்தப் பொருள் வழியிலேயே மடக்கினால் தப்பித்தோம். எல்லாவற்றையும் அது மடக்குவதில்லை.

இதைக் கேளுங்கள் அம்மா. புகை படாத நுரையீரலில் சிஒய்பி1ஏ1 சொற்பம். புகை போகப்போக, செல்லுக்குள் இருக்கும் ஏற்பி ஒன்று அதை உணர்ந்து, நொதியை இன்னும் செய்யும்படி மரபணுவைக் கிளப்புகிறது. கழிக்கவும் அதுதான் வழி, கெடுக்கவும் அதுதான் வழி. தினமும் புகையில் கிடக்கும் உடம்பு தாங்கப் பழகவில்லை. நச்சைக் காய்ச்சும் அடுப்பைப் பெரிதாகக் கட்டி வைத்திருக்கிறது. இதையா பழக்கம் என்று பெருமையாகச் சொல்வது? டீசல் புகையை 2012-லும், வெளிக்காற்று மாசை 2013-லும் புற்றுநோய்க் காரணிகள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே அறிவித்துவிட்டது.

அமோனியா, கந்தக டை ஆக்சைடு எல்லாம் வேறு. அவற்றுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை, ஈரத்தில் கரைந்து நேராக எரிக்கும். காற்று திரும்பியதுமே வரும் இருமல் இந்த வகையாக இருக்கலாம்.

மாமியாரோடு சண்டை வேண்டாம், அவரும் அதே காற்றைக் குடித்தவர். பிள்ளையை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யுங்கள். இருமும் நாள்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்; அப்புறம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதும்போது அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.