500 கன்றுகளும் ஏன் பட்டுப்போயின?

கேள்வி: எங்கள் பள்ளியின் பசுமைப் படைப் பிள்ளைகள் இரண்டு வருடமாக, கொள்ளிடக் கழிமுகத்தை ஒட்டிய வெட்டவெளி ஒன்றில் அலையாத்திக் கன்றுகள் நட்டார்கள். மொத்தம் 500. ஒன்றுகூடத் தேறவில்லை. பிள்ளைகள் சோர்ந்துபோயிருக்கிறார்கள். கன்று சரியில்லையா, நாங்கள் நட்ட விதம் சரியில்லையா?
– ஓர் ஆசிரியை, சீர்காழி வட்டம்

பதில்: டீச்சர், பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. முதலில் இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தரையெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது, ஓரத்தில் உப்புத் தரையில் வளரும் உமிரிச் செடி மட்டும் சிவந்து கிடக்கிறது. அந்த இடம் இன்றிருக்கும் நிலையில் அங்கே எந்தக் கன்றும் பிழைக்காது.

இதே மாதிரித் தரையை 1990களின் தொடக்கத்தில் பிச்சாவரத்தில் பார்த்தேன். அப்போது பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், அதனால்தான் காடு அழிந்தது என்று என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எங்களைக் கூட்டிப்போன படகுக்காரப் பெரியவர்தான் வேறு மாதிரி சொன்னார்: "மரத்த வெட்டுன எடத்துல தண்ணி ஏறுது பாப்பா, எறங்க மாட்டேங்குது."

அவர் சொன்னதுதான் சரி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை பிச்சாவரத்தில் கூப்பு போட்டு, ஒரு பகுதியிலுள்ள மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது. உள்ளே இருந்த ஈரம் வற்ற வற்றத் தரை அமுங்கி, நடுவில் தட்டு மாதிரிப் பள்ளமானது. பெரிய ஓதத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும் நாட்களில், உள்ளே வந்த கடல்நீர் அந்தப் பள்ளத்திலேயே தங்கிவிடும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ள, உப்பு மட்டும் மிஞ்சும். அடுத்த ஓதத்தில் இன்னும் கொஞ்சம் சேரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. பள்ளத்துத் தண்ணீரில் ஒரு சொட்டை உப்புமானியின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். கோடு 35ஐத் தாண்டி வெகுதூரம் மேலே நின்றது. என் நோட்டில் எழுதியதை அன்றைக்கே அடித்தேன்.

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு மருந்தும் கிடைத்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டின. இயற்கையான கழியிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் மீன்முள் மாதிரிச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் முழுக்க வெளியே போகும். போகும்போது உப்பையும் கழுவிக்கொண்டு போகும். அதன் பிறகுதான் வாய்க்கால் கரைச் சரிவில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தை நட்டார்கள். 1986க்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தின் மரப்பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இந்த வருடம் ஒரு கன்றும் நட வேண்டாம். அமாவாசை ஓதத்தன்று அந்த இடத்தில் பத்துக் குச்சிகளைப் பரவலாக ஊன்றச் சொல்லுங்கள். தண்ணீர் எந்தக் குச்சியில் எவ்வளவு உயரம் வந்தது, எத்தனை நாள் கழித்து வடிந்தது என்று பிள்ளைகளே குறிக்கட்டும். பௌர்ணமியிலும் அதையே செய்யட்டும். நண்டு வளைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் எண்ணட்டும். வளை இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்து போகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அந்தக் குறிப்போடு வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். அனுமதி இல்லாமல் அங்கே மண்வெட்டி போடக்கூடாது. வாய்க்கால் வந்துவிட்டால், வடகிழக்கு மழையில் உப்பு இறங்கும் நாட்களில் நடுங்கள். வாய்க்காலில் வண்டல் சேரும், அவ்வப்போது வாரவும் வேண்டும். இதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாய்க்கால் கடல்நீரைத்தான் கொண்டுவரும். கழிமுகத்துக்கு ஆற்றுத் தண்ணீரும் வேண்டும். வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் நல்ல தண்ணீர் வரும் நாட்கள் குறைந்துவிட்டதால், உப்பைத் தாங்கும் வெண்கண்டலே எங்கும் முந்திக்கொள்கிறது. மடவை, கொடுவா, வெள்ளை இறால் எல்லாம் குஞ்சாக வளர்வது இரண்டு தண்ணீரும் கலக்கும் இந்த இடத்தில்தான். மேலே தேக்கிவைப்பவர்கள் கடலில் விழும் தண்ணீர் வீண் என்று பேசும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

கேள்வி: 2004 சுனாமியில் பிச்சாவரம் காடுதான் ஊர்களைக் காப்பாற்றியது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என்பது உண்மை. பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, மரங்கள் உயிரிழப்பைக் குறைத்தன என்று 2005இல் கட்டுரை வந்தது. அதே தரவை எடுத்து அடுத்த வருடமே வேறு விஞ்ஞானிகள் மறுத்தார்கள். அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருக்கின்றன, அவற்றைக் கணக்கில் எடுத்தால் மரங்களின் பங்கு சிறிதாகிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அலையின் வேகத்தை மரங்கள் கொஞ்சம் உடைக்கும் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் காடு இருக்கிறதென்று கடலோரத்தில் தாழ்வான இடத்தில் வீடு கட்டச் சொல்ல மாட்டேன். சுனாமி எச்சரிக்கை வந்தால் மேட்டுக்கு ஓடத்தான் வேண்டும்.

கேள்வி: சிதம்பரத்தின் தல மரமான தில்லை இப்போது எங்கே இருக்கிறது? பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.
– ஒரு வாசகி, சிதம்பரம்

பதில்: பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போங்கள், அந்த அலையாத்திக் காட்டில் இருக்கிறது. இலை உதிரும் முன் சிவந்து பழுக்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கிளையை ஒடிக்க விடாதீர்கள். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகில் இருந்தபடி காட்டுங்கள், போதும்.