ஈஞ்சம்பாக்கத்துச் சிற்பத் தோட்டத்துக்கு முப்பது பேர்

கேள்வி: எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த முப்பது பேர், முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தவெளிச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறோம். மாமல்லபுரத்தைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. வேறு எங்கே செல்லலாம்? பிள்ளைகள் சிற்பங்களைத் தொட்டுப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்துக்குச் செல்லுங்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முனைப்பில், கலைஞர்கள் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, 1966-இல் தாங்களே உருவாக்கிக்கொண்ட குடியிருப்பு அது. மரநிழலில் சிற்பங்கள் நிற்பதால் முதியவர்களுக்கும் சிரமம் இராது.

அங்கே வளர்ந்த சிற்பக்கலையில் ஒரு தனித்தன்மை உண்டு. கருங்கல் சிற்பத்தை நாம் சுற்றிவந்து பார்க்கிறோம். ஆனால் செப்புத் தகட்டைத் தட்டி உருவம் சமைத்த பி.வி. ஜானகிராம், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்த எஸ். நந்தகோபால் ஆகியோரின் படைப்புகள், திருவாசியுடன் நிற்கும் உற்சவமூர்த்தியைப் போல, முன்னால் நின்று பார்ப்பதற்கென்றே அமைந்தவை. பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டால், எதன் எதிரே நிற்பது, எதைச் சுற்றிவருவது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். முப்பது பேரும் ஒரே சிற்பத்தின் முன் குவிந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதால், பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து செல்வது நல்லது.

தொட வேண்டாம். கடலோர உப்புக்காற்றில் ஏற்கெனவே களிம்பேறும் உலோகத்தின் மீது கைவியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் படிந்தால், அந்த இடம் மட்டும் தனியே நிறம் மாறும். தற்படம் எடுப்பதற்காகச் சிற்பத்தின் மீது சாய்கிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே; அறிவுரையை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

மாமல்லபுரத்தைப் பார்த்தாகிவிட்டது என்கிறீர்கள். எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதே என் ஐயம். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. நகரத்திலிருந்து சாவகாசமாகக் கிளம்பி, சாப்பிட்டு முடித்துப் பிற்பகலில் போய் நிற்பவர்களுக்கு அது தன் நிழலிலேயே மங்கித் தெரியும். ஐந்து ரதங்களில் நான்கு மேற்கு நோக்கியவை என்பதால், அவற்றுக்கு மாலை வெயிலே உகந்தது. ஆகவே முற்பகலில் சோழமண்டலத்தைப் பார்த்துவிட்டு, அதே சாலையில் தெற்கே சென்று, நான்கு மணியளவில் ரதங்களை அடைந்தால் ஒரே நாளில் இரண்டும் கைகூடும். அங்கே தர்மராஜ ரதத்தின் மேல்தளங்கள் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்க, கீழ்த்தளம் முற்றுப்பெறாமல் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்துவந்த சிற்பிகளின் உளி எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை அவர்கள் விரல் நீட்டியே காட்டிவிடுவார்கள்.