லடாக் சைக்கிள் பயணம்: எங்கே ஏறுகிறீர்கள் என்பதைவிட எங்கே தூங்குகிறீர்கள் என்பதே முக்கியம்

கேள்வி: ஊர் பெருந்துறை, வயது 42. ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ரோடு சைக்கிளில் ஏறுகிறேன். ஜூலையில் மணாலியிலிருந்து லே வரை 8 நாளில் போக ஆசை. இந்தப் பயிற்சி போதுமா?

கால் பலத்துக்கு இது போதுங்க. கோத்தகிரி ஏற்றத்தை வாராவாரம் மிதிப்பவருக்கு லடாக் சாலைகளின் சரிவு பெரிய விஷயமில்லை. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தவரை, மணாலி–லே சாலையின் ‘காட்டா லூப்ஸ்’ என்ற 21 வளைவுகள் மிரட்டாது. என் கவலை அந்த 8 நாள் கணக்கில்தான்.

நமக்குப் பக்கத்தில் உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். மணாலி–லே சாலையின் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. நீலகிரியில் எத்தனை முறை ஏறினாலும் அதற்கு உடல் பழகாது. அங்கேயே நாள் கொடுத்துத்தான் பழக வேண்டும். நல்ல உடற்கட்டு உயர நோயைத் தடுக்காது. திடமானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் சீக்கிரம் மாட்டிக்கொள்வதும் உண்டு.

பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும், இரவு படுக்கும் உயரம்தான் கணக்கு. 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மணாலிப் பாதையில் இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். பலர் அடுத்துத் தங்கும் சர்ச்சு சுமார் 4,300. அதற்கப்புறம் பாங் இன்னும் மேலே. அங்கே உடம்பு முடியாமல் போனால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கணவாயை ஏறிக் கடந்துதான் கீழே வர முடியும். என்னைப் பயமுறுத்துவது இதுதான்.

ஆகவே முதல் பயணத்துக்கு ஸ்ரீநகர்–லே பாதையைத்தான் சொல்வேன். சுமார் 420 கிலோமீட்டர். சோனாமார்க், திராஸ் என்று ஏறி, சுமார் 2,700 மீட்டரில் இருக்கும் கார்கிலுக்கு இறங்கித் தூங்கலாம். வழியின் உச்சமான ஃபோட்டு லா சுமார் 4,100. அன்றைக்கே 3,500 மீட்டர் லாமாயுருவுக்கு வந்துவிடலாம். நிம்முவில் சன்ஸ்கார் ஆறு சிந்துவில் கலக்கும் இடத்தில் கட்டாயம் நில்லுங்கள். இரண்டு தண்ணீரும் நிறம் மாறாமல் கொஞ்ச தூரம் ஒட்டியே ஓடுவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஜூலையில் மணாலிப் பக்கம் மழையும் மண்சரிவும் வேறு இருக்கும். ஸ்ரீநகர்ப் பாதையில் வரும் ஜோஜி லா கணவாயில் வண்டிகளை நேரம் பிரித்து விடுவார்கள், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாளும் சேர்த்துப் 10 நாளாவது ஒதுக்குங்கள்.

லேயில் ஆண்டு முழுக்க மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வந்ததே தெரியாது. காற்றில் காய்ந்து சட்டையில் வெள்ளை உப்புக்கோடாகத்தான் தெரியும். தாகத்துக்குக் காத்திருக்காமல் அவ்வப்போது குடியுங்கள். பசியும் மந்தப்படும், சோறு இறங்காத நேரத்திலும் கடலை மிட்டாய் இறங்கும், நிறைய எடுத்துப்போங்கள்.

தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, திடுக்கென்று விழிப்பது அந்த உயரத்தில் சகஜம். தலைவலியோடு குமட்டல் வந்தால் அது தெளியும்வரை மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, இருட்டாக இருந்தாலும் உடனே வண்டி பிடித்து இறங்குங்கள். அசிட்டசோலமைடு மாத்திரை உடல் பழக உதவும். கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டே எடுங்கள், சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சைக்கிளில் முன்னால் மிதிப்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34 பல், டயர் அகலம் 32 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு போங்க.