கொப்பரை உலர்த்தியில் மெழுகு: ராத்திரிக்குச் சூடு நிற்குமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தென்னை விவசாயி கேட்கிறார்: "கொப்பரைக்கு சோலார் டிரையர் போட்டிருக்கிறேன். ஒரு தடவைக்கு 500 தேங்காய். பகலில் 65 டிகிரி வரை ஏறுகிறது. பொழுது சாய்ந்ததும் சூடு இறங்கி, காலையில் பருப்பு வழுவழுவென்று இருக்கிறது. 50 கிலோ மெழுகு வாங்கி உள்ளே வைத்தால் இரவெல்லாம் காயுமா?"

இரவெல்லாம் காயாது. ஆனால் அந்த வழுவழுப்பைப் பெருமளவு குறைக்கலாம்.

ஒரு கிலோ பாரஃபின் மெழுகு உருகும்போது சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கி வைத்துக்கொண்டு, உறையும்போது அதைத் திருப்பித் தருகிறது. உங்கள் 50 கிலோவில் 10,000 கிலோஜூல் நிற்கும். பருப்பிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். அதாவது, சொட்டு வெப்பம்கூட வீணாகாவிட்டாலும் 4 லிட்டர்தான் போகும். ஒரு தேங்காய்க்கு 150 கிராம் ஈரம் என்று வைத்தாலும் உங்கள் 500 தேங்காயில் 75 லிட்டர் வெளியேற வேண்டியிருக்கிறது! எனவே மெழுகைக் காய வைக்கிற அடுப்பாக நினைக்காதீர்கள். அந்தியில் சூடு சட்டென்று விழாமல் சில மணி நேரம் தாங்கிப் பிடிக்கிற வேலைக்கு அது நல்ல பொருள்.

அடுத்தது, எந்த மெழுகு. பரவலாகக் கிடைப்பது 58–60 டிகிரியில் உருகும் ரகம். உங்கள் டிரையரின் உச்சமே 65 என்றால் அது முழுக்க உருக நேரம் போதாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மேகமும் சேர்ந்தால் 50-ஐத் தாண்டுவதே பெரும்பாடு. உருகாத மெழுகு வெறும் பாரம்தான். 52–54 டிகிரி ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

மெழுகின் பெரிய குறை, வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது. ஒருமுறை அகலமான பிஸ்கட் டின்னில் மெழுகை ஊற்றி டிரையருக்குள் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி உருகியிருந்தது. நடுவில் கைப்பிடி அளவுக்கு வெள்ளைக் கட்டி அப்படியே கிடந்தது. இரவில் இதற்கு நேர்மாறு. ஓரத்தில் உறைந்த தோல் கம்பளி போலப் போர்த்திக்கொள்ள, உள்ளே இருந்த சூடு வெளியே வரவே இல்லை.

இதற்குத்தான் கலப்புப் பொருள்கள். அமிலத்தில் பதப்படுத்திய கிராஃபைட்டை (பென்சிலில் இருக்கும் கரி) திடீரென்று சூடாக்கினால் புழுப் புழுவாக உப்பும். அதில் மெழுகை ஊற்றினால் பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டு, உருகினாலும் ஒழுக விடாது. பத்தில் ஒரு பங்கு கிராஃபைட் சேர்த்தால் வெப்பக் கடத்தல் பல மடங்கு கூடும். மெழுகு குறைகிற அளவுக்கு மட்டும் சேமிப்பு குறையும். ஆனால் விலை கூடுதல். உங்களுக்கு நான் சொல்வது லேத் பட்டறையில் உதிரும் அலுமினியச் சுருள். சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவிக் காயவைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள தட்டையான அலுமினிய டப்பாவில் சுவரைத் தொடும்படி அடைத்து, அதன் மேல் மெழுகை ஊற்றுங்கள். உருகும்போது மெழுகு விரிவதால் டப்பாவில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். மெழுகை நேரடித் தீயில் வைக்கவே வைக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். டப்பாவின் மூடி நன்றாக இறுகியிருக்க வேண்டும், பருப்பின் மேல் ஒரு சொட்டும் படக்கூடாது.

உப்பு வகைகள் கிலோவுக்கு அதிக வெப்பம் பிடிக்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 1948-ல் அமெரிக்காவில் மரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி கிளாபர் உப்பை (சோடியம் சல்பேட்டும் நீரும் சேர்ந்த உப்பு) வைத்துச் சூடாக்கிய வீட்டில், சில குளிர்காலத்துக்குள் உப்பு பிரிந்து அடியில் படிந்துவிட்டது. மெழுகுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், முதல் ராத்திரி. அன்றைக்குப் பருப்பில் பாதி தண்ணீர். பூஞ்சை பிடிப்பதும் அப்போதுதான். அன்று மெழுகை நம்ப வேண்டாம், சிரட்டை எரியுங்கள். ஒரு கிலோ சிரட்டையில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 90 கிலோ மெழுகு உருகிப் பிடிக்கும் அளவு. புகை பருப்பைத் தொடாதபடி சிரட்டையில் ஓடும் உலர்த்திகளைக் காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. மெழுகு இரண்டாம் இரவிலிருந்து கைகொடுக்கும், அதுவும் பொழுது சாயும்போது டிரையரின் மேல்பரப்பைக் கனமான சாக்குப் படுதாவால் மூடினால்தான். ஈரம் வெளியேற மேலே சின்னதாக ஒரு வழி மட்டும் விடுங்கள்.

முதலில் ஒரே ஒரு டப்பா செய்து, நடுவில் தெர்மாமீட்டர் செருகி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். மூன்று மணிக்குள் நடுப்பகுதியும் உருகிவிடுகிறதென்றால் மீதி மெழுகை வாங்கலாம்.