கோலி நாய்க்கு இதயப்புழு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ரஃப் கோலிக்கு மூன்று வயது, எடை 20 கிலோ. ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்து இந்த இனத்துக்கு விஷம் என்று படித்ததிலிருந்து, மாதந்தோறும் கொடுத்துவந்த இதயப்புழுத் தடுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டேன். நான்கு மாதங்கள் ஆகின்றன. பண்ணை வைத்திருக்கும் நண்பர், "மாட்டுக்குப் போடும் மருந்தில் கொஞ்சம் எடுத்து வாயில் விடுங்கள், ஒன்றும் ஆகாது" என்கிறார். எது பாதுகாப்பானது? உண்ணிக்கு என்ன செய்வது?

பதில்: நண்பர் சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். நீங்கள் நிறுத்திய மாத்திரையை, மருத்துவரைக் கலந்துகொண்டு மறுபடி தொடங்குங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே ஐவர்மெக்டின்தான். அளவுதான் வேறு.

நாயின் மூளையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில், உள்ளே கசியும் சில மருந்துகளை உடனுக்குடன் வெளியேற்றும் ஒரு புரதம் உண்டு. படகின் அடியில் ஊறும் நீரை ஒருவர் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருப்பதைப் போன்ற வேலை அது. எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டுப் போனால் அந்தப் புரதம் உருவாவதில்லை. இந்தக் குறைபாட்டை 2001ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கோலிகளில் பத்துக்கு ஏழு, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் ஏறக்குறைய பாதி, இந்தக் குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதியையாவது சுமக்கின்றன. ஷெட்லாண்ட், ஜெர்மன் ஷெப்பர்டு, பார்டர் கோலி ஆகியவற்றிலும், கலப்பின நாய்களிலும் உண்டு, அவ்வளவு அதிகமில்லை.

இறைப்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் சொட்டுச் சொட்டாக ஊறும் நீரில் படகு மூழ்கிவிடாது. தடுப்பு மாத்திரையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் என்ற கணக்கில்தான் ஐவர்மெக்டின் சேர்க்கிறார்கள். எடைப் பிரிவைப் பொறுத்து 12 வரை போகலாம். குறைபாடுள்ள கோலிகளும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. அவற்றுக்கு ஆபத்து தொடங்குவது கிலோவுக்கு 100 மைக்ரோகிராமை ஒட்டித்தான். சொறிக்குக் கொடுக்கும் அளவோ 300 முதல் 600 வரை.

இனி மாட்டு மருந்தைப் பாருங்கள். ஒரு சதவீதக் கரைசலில் 1 மி.லி.க்கு 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. நூறு கோடுகள் போட்ட 1 மி.லி. ஊசியைக் கையில் எடுத்தால், உங்கள் நாய்க்குத் தேவையான 120 மைக்ரோகிராம் ஒரு கோட்டைச் சற்றே தாண்டும் அளவுதான். இருபதாவது கோட்டுக்கு வந்தால் ஆபத்தின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். "கொஞ்சம்" என்று கண்ணால் மதிப்பிடுகிறவர் கை எந்தக் கோட்டில் நிற்கும்?

ஐவர்மெக்டின் கொடுத்துப் புழு நீக்கம் செய்த குதிரைகளின் சாணத்தைத் தின்றுவிட்ட ஒரு கோலியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. கண்மணிகள் அகல விரிந்து, டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. பின்னங்கால்கள் நிற்க முடியாமல் பிரிந்து பிரிந்து வழுக்கின. முறிமருந்து என்று ஒன்று கிடையாது. ஊசிவழித் திரவமும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் கொடுத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது பிழைத்தது. எல்லா நாய்க்கும் அப்படி வாய்ப்பதில்லை. மாடு, குதிரை, ஆடு உள்ள இடங்களுக்குப் போனால் கயிற்றைக் கையில் பிடித்தே நடத்துங்கள்.

அதற்காகத் தடுப்பையே விட்டுவிடுவது சரியல்ல. கொசு கடித்து உள்ளே போகும் குஞ்சுப்புழுக்கள் வளர்ந்து, இதயத்திலும் நுரையீரல் தமனிகளிலும் 30 செ.மீ. நீளம் வரை புழுக்களாகக் குடியேறும். ஐந்தாறு ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். அவற்றை அழிக்கும் சிகிச்சையே நாய்க்குப் பெரும் சோதனை. மாத்திரை, கடந்த ஒரு மாதத்தில் புகுந்த குஞ்சுகளைத்தான் கொல்லும். உங்களுக்கு நான்கு மாத இடைவெளி விழுந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தொற்று ஏற்பட்டு ஆறு மாதங்கள் ஆன பிறகே பரிசோதனையில் தெரியும் என்பதால், ஆறு மாதம் கழித்து இன்னொரு முறையும் செய்துகொள்ளுங்கள்.

ஐவர்மெக்டின் என்ற பெயரே மனத்தை உறுத்தினால் மில்பிமைசின், மாக்ஸிடெக்டின், தோலில் இடும் செலமெக்டின் ஆகியவையும் இருக்கின்றன. இவையும் அதே குடும்பம்தான்; அட்டையில் குறித்த அளவில் பாதுகாப்பானவை, அதைத் தாண்டினால் இவையும் ஆபத்துதான். தோலில் இட்ட மருந்து காயும்வரை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் அதுவரை தனித்தனியாக வையுங்கள்.

உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஃப்ளூராலேனர், அஃபோக்சோலேனர் போன்ற மாத்திரைகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஃப்ளூராலேனரை இந்தக் குறைபாடுள்ள கோலிகளுக்கே மூன்று மடங்கு அளவில் கொடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள், பாதிப்பு இல்லை. ஆனால் இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. உங்கள் நாய்க்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தெள்ளுப்பூச்சிக்கான ஸ்பினோசாட் மாத்திரையைச் சொறிக்கான அதிக அளவு ஐவர்மெக்டினுடன் சேர்த்துக் கொடுப்பது எந்த இன நாய்க்கும் ஆபத்து.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டில் மனிதர்களுக்காக வைத்திருக்கும் லோபெரமைடு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் அதே புரதத்தை நம்பித்தான் மூளைக்குள் போகாமல் நிற்கிறது.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தாலே மரபணுப் பரிசோதனைக்குப் போதும். ஆயுளுக்கு ஒரு முறை செய்தால் போதுமானது. ஒரு பிரதி மட்டும் குறையுள்ளதாக வந்தாலும் அலட்சியம் வேண்டாம், அந்த நாய்களும் ஓரளவு பாதிக்கப்படும். முடிவு வந்ததும் அதைச் சிகிச்சைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் அசெப்ரோமசின், பியூட்டார்ஃபனால் ஆகிய அமைதிப்படுத்தும் மருந்துகளின் அளவையும் மருத்துவர் அதைப் பார்த்துத்தான் குறைப்பார்.