இறையாண்மை: கடவுளுக்கு அதில் என்ன வேலை?

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு விதிமுறை எழுதுகிறோம். "பொதுக்குழுவுக்கே முழு இறையாண்மை உண்டு" என்று எழுதினேன். 'இறை என்றால் கடவுள், அந்தச் சொல் வேண்டாம்' என்கிறார் ஓர் உறுப்பினர். 'இறைமை' என்று மாற்றிவிடலாமா?

பதில்: கடவுளை நினைத்துத் தயங்க வேண்டாம். பழந்தமிழில் 'இறை' அரசனுக்கும் பெயர். திருக்குறளில் மன்னனின் தகுதிகளைச் சொல்லும் 39ஆம் அதிகாரத்தின் தலைப்பே 'இறைமாட்சி'தான். 733ஆம் குறளோ "இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு" என்கிறது. இங்கே இறைவன் அரசன். அடுத்து வரும் இறை, அவனுக்குச் செலுத்தும் வரி!

'ஆண்மை'யையும் வீரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆள் + மை = ஆண்மை, அதாவது ஆளும் தன்மை. மேலாண்மை என்று தினமும் சொல்கிறோமே, அதே ஆண்மைதான். ஆக, இறையாண்மை என்பது தனக்கு மேலே வேறு அதிகாரம் இல்லாமல் ஆளும் தன்மை.

'இறைமை' என்று மாற்றுவதால் பொருள் மாறாது. இலங்கைத் தமிழில் அதுவே வழக்கு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை, இறைமை மக்களுக்கு உரியது என்கிறது. தமிழ்நாட்டில் இறையாண்மை நிலைத்துவிட்டது. ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். (நகைக்கடையில் கேட்கும் 'சவரன்' இருக்கிறதே, அதுவும் இந்தக் கருத்தின் தூரத்து உறவுதான்: இறையாண்மை உடையவரைக் குறிக்கும் 'சாவரின்' என்ற ஆங்கிலச் சொல், பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயராகி, நம் வாயில் சவரன் ஆனது.)

உங்கள் வாக்கியத்தில் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. இறையாண்மை நாட்டுக்கும் மக்களுக்கும் உரிய சொல், சங்கத்துக்குப் பொருந்தாது. பொதுக்குழு என்ன தீர்மானம் போட்டாலும் நாட்டின் சட்டத்தை மீற முடியாது, நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். மேலே ஒருவர் இருக்கும்போது இறையாண்மை ஏது? மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் கேட்பவர்கள்கூட மாநில சுயாட்சி என்றுதான் சொல்கிறார்கள். பல்கலைக்கழகம் போன்ற அமைப்பென்றால் 'தன்னாட்சி'.

"சங்கம் தொடர்பான எல்லா முடிவுகளிலும் இறுதி அதிகாரம் பொதுக்குழுவுக்கே உண்டு" என்று எழுதுங்கள். அந்த உறுப்பினரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.